நாலாம் சரணம்

கைசர்ஸ்லௌட்டர்னில் இறைச்சிக்கடை மூடிய பிறகு
அதன் பின்னறையை வாடகைக்கு எடுத்தோம்.
வெள்ளை ஓடு பதித்த சுவர். கொக்கிகளைக் கழற்றவில்லை.
ஒன்றில் மைக், ஒன்றில் என் மழைக்கோட்டு,
மூன்றாவதில் வெண்டலின் பாஞ்சோ.

வெண்டல் முப்பது வருடம்
அமெரிக்க விமானத்தளத்தில் திருகாணி முறுக்கியவர்.
ஓய்வு பெற்றும் ஊர் திரும்பவில்லை.
"அங்கே பாண் இனிக்கும்" என்பது அவர் சொல்லும் காரணம்.
மனைவி ஒட்ரி வேறு காரணம் சொல்வாள்;
அப்போது மட்டும் பாஞ்சோவுக்குச் சுருதி குறைந்திருக்கும்.

பன்னிரண்டு பழம்பாட்டு.
சுரங்கத்தில் பாடியது, பருத்திக்காட்டில் பாடியது,
யாருடையதென்று தெரியாமல்
வாய் மாறி வாய் மாறிக் கடல் தாண்டியது.
குடும்பமாகக் கேட்க வேண்டும், காரில் கேட்க வேண்டும்,
பின் இருக்கைப் பிள்ளை பயப்படக் கூடாது.
இதுதான் பேச்சு. வெட்டி ஒட்டுவது என் வேலை.

பாதிப் பாட்டில் தலைக்கு மேல் சரக்கு விமானம் வரும்.
சத்தத்தைக் கேட்டே எஞ்சின் பெயர் சொல்வார் வெண்டல்.
எனக்கு அந்தச் சத்தம் வேறு கணக்கு.
அது தாண்டும்வரை இரண்டு பேரும்
கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.
பிறகு "மறுபடியும்" என்பேன்.

ஏழாவது பாட்டில் ஓர் ஆறு.
முதல் சரணத்தில் ஆலைக்காரன் மகள் அப்பிள் விற்கப் புறப்படுகிறாள்.
இரண்டில் கோவேறு கழுதைக்குச் சிவப்பு நாடா கட்டுகிறாள்.
மூன்றில் துறையில் ஒருத்தன் தொப்பியைக் கழற்றுகிறான்.
நாலில் அவளைத் தண்ணீரில் தள்ளுகிறான்.
ஐந்தில் கழுதை மட்டும் வந்து
வாசலில் நின்று அழுகிறது.

நாலை எடுத்துவிடலாம் என்றார் வெண்டல்.
ஒட்ரி தெர்மோஸ் மூடியை இறுக்கித் திருகினாள்.
எடுத்துவிட்டேன். நல்ல தையல்தான்:
மூன்றின் கடைசி மூச்சும் ஐந்தின் முதல் மூச்சும்
ஒரே ஆளின் மூச்சுப்போல் பொருந்தின.

சனிக்கிழமை, பிர்மாசென்ஸ் வீதி. இரு பக்கமும் ஈரக்காடு.
குகதாசன் தாளம் தவறி ஸ்டியரிங்கில் தட்டியபடி ஓட்டினான்.
பின்னாலிருந்து ஆதிரை:
"அம்மா, கழுதை ஏன் அழுகுது?"
பல்வலி என்றேன்.
"அந்த அக்கா எங்கை?"
அப்பிள் விற்கப் போட்டா.
"அப்ப கழுதை ஏன் தனிய வந்தது?"
வைப்பர் இரண்டு தரம் போய் வந்தது.
"ஆரோ செத்திட்டினம்.
நீங்கள் எனக்குச் சொல்லாமல் விட்டிட்டியள்."
ஏழு வயது. கையில் பாதி பிரெட்சல்.
அதன் உப்பைச் சுரண்டிச் சுரண்டிக் கீழே போட்டாள்.

திங்களன்று வெண்டலிடம் சொன்னேன்.
முறுக்காணி ஒன்றை வெகுநேரம் முறுக்கினார்.
"அம்மா கோப்பை கழுவும்போது முழுதும் பாடுவாள்.
நாலு வரும்போது குழாயை மூடிவிடுவாள்.
எங்களுக்குக் கேட்கட்டுமென்றா, தனக்குக் கேட்கட்டுமென்றா,
இன்றுவரை தெரியாது."

சொல்லைத் திரும்ப வைக்க எனக்குக் கை வரவில்லை.
"இடத்தையாவது கொடு" என்றாள் ஒட்ரி.
நாலாம் சரணத்தின் நீளத்துக்குப் பாஞ்சோ மட்டும்,
ஒற்றைத் தந்தி, நடக்கிற வேகம்.
நடுவில் விமானம் வந்தது.
வெண்டல் எஞ்சின் பெயர் சொல்லவில்லை.
நான் கையைத் தூக்கவில்லை.
வீட்டுக்கு வந்தும் வெட்டவில்லை.

அடுத்த சனி அதே வீதி, மழை விட்டிருந்தது.
தந்தி தனியே நடந்தது. மேலே இரைச்சல்.
குகதாசன் கழுத்தை நீட்டி வானத்தில் தேடினான்.
வானம் வெறுமை.
ஐந்தாம் சரணம். வாசலில் கழுதை.

"பல்வலி இல்லை" என்றாள் ஆதிரை,
கண்ணாடியில் தன் மூச்சுப் படிந்த இடத்தில்
விரலால் ஒரு நாடா கீறிக்கொண்டு.